நேரம் தவறாதவர்களை நம்பாதவர்

அவரிடம் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று இடது மணிக்கட்டில், ஒன்று சட்டைப் பையில். பையில் இருப்பது கையில் இருப்பதைச் சரிபார்க்க. இரண்டும் வினாடி பிசகாமல் ஒத்துப்போகிற நாளில்தான் அவர் முகம் சுருங்கும். "ரெண்டும் சேந்து பொய் சொல்லுதோ என்னமோ" என்பார்.

அவரை நான் முதலில் பார்த்தது 2004இல், கடலூர் பஸ் நிலையத்தில். ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு அவர் டைம் கீப்பர். வண்டி உள்ளே நுழைந்த நேரத்தை எழுதுவது, புறப்பட வேண்டிய நேரத்துக்கு விசில் ஊதுவது, பிந்தி வந்த டிரைவரிடம் காரணம் கேட்பது, இந்த மூன்றும் அவர் வேலை. எனக்குப் புள்ளியியல் துறையில் உத்தியோகம். சிதம்பரம் பக்கத்து வயல்களில் மாதிரிக்குக் கொஞ்சம் அறுத்து எடைபோட்டு, விளைச்சல் கணக்கு அனுப்ப வேண்டும். காலை 8.10 வண்டிக்கு நான் 7.35க்கே போய் நிற்பேன். வண்டி போய்விடுமோ என்கிற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் ஏற்பட்டதுதான் பழக்கம். அவர் மேசையில் டிரிப் ஷீட்டுக்கு அடியில் ஒரு சதுரங்க அட்டை இருக்கும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் நாலு மூவ், ஐந்து மூவ் ஆடுவோம்.

2004 முதல் 2010 வரை அவரோடு நேரில் உட்கார்ந்து ஆடியது 212 ஆட்டம். ஏழு டிரா. மீதி 205இலும் தோற்றேன். பின்னால் வேறு சில எண்களைச் சொல்ல வேண்டியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை அவர் "புள்ளி" என்றுதான் கூப்பிடுவார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன்.

பிந்தி வருகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு விட்டுவிடுவார். நேரம் தவறாமல் வருகிறவர்களைத்தான் அவரால் தாங்க முடியாது. சிதம்பரத்திலிருந்து வரும் வண்டி ஒன்று தொடர்ந்து பத்தொன்பது நாள் சரியாக 10.42க்கு நுழைந்தது. முதலாளி அந்த டிரைவருக்குச் சால்வை போடப் போகிறார் என்று பேச்சு. இவர் டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். நானும் அன்று விடுப்பில் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"எங்க நிறுத்துற?"

"எல்லா ஸ்டாப்புலயும்தான் சார்."

"அத கேக்கல. வெரட்டிகிட்டு வந்து எங்க நிறுத்தி நேரத்த கழிக்கிற?"

டிரைவர் சிரித்தார். "லேட்டா வந்தா மெமோ. சரியா வந்தா சந்தேகம். உங்க வூட்டுல எப்பிடித்தான் சோறு திங்கிறாங்களோ சார்."

"புதுச்சத்திரத்துல ரயில்வே கேட்டு போடுவான். மாடு குறுக்கால வரும். மீன்கூடைய ஏத்த அஞ்சு நிமிசம் ஆவும். தெனம் ஒரே நிமிசத்துல வந்தா அது ரோட்டுல ஓடுன வண்டி இல்ல. ஓட்டிகிட்டு வந்து நிறுத்தி வெச்ச வண்டி."

மறுநாள் அவரே ஆலப்பாக்கம் வரை போய் ஒரு மரத்தடியில் காத்திருந்தார். வண்டி வந்தது. ஆட்களோடு பதினோரு நிமிடம் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார். அந்தப் பதினோரு நிமிடத்தை மிச்சப்படுத்த அதற்கு முன்னால் வண்டியை எப்படிப் பறக்கவிட்டிருப்பார்? எத்தனையோ நாள் நானும் அந்தத் தடத்தில் போய் வந்தவன்.

அவருடைய சந்தேகம் இப்படிப் பலமுறை சரியாகிவிட்டது. அதுதான் கெடுதல் என்று இப்போது தோன்றுகிறது. நாலு தடவை தப்பாகப் போயிருந்தால் மனிதர் கொஞ்சம் இளகியிருப்பார்.

2005 கடைசியில் அவர் வேலையை விட்டார். பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர். தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருவர் நடத்தினார். ஆறு கேபின். உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த நாட்டுக்காரனோடும் சதுரங்கம் ஆடலாம் என்று அந்தப் பெண்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தார். முதல் வாரம் முழுக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பாட்டை மறந்து நான்காம் கேபினில் கிடந்தார். இரண்டாம் வாரம் யாரோ ஒரு தகவல் சொன்னார்கள். சில பேர் பக்கத்தில் ஒரு செஸ் புரோகிராமை ஓடவிட்டு, அது சொல்கிற மூவை அப்படியே இங்கே எடுத்து வைக்கிறார்களாம். அதோடு சந்தோஷம் தீர்ந்தது.

"மொகம் தெரியல. கை தெரியல. நேரம் ஒண்ணுதான்யா தெரியுது" என்றார் என்னிடம். "அது போதும்."

பஸ்ஸுக்கு வைத்திருந்த அளவுகோலையே சதுரங்கத்துக்கும் வைத்தார். வெட்டிய காயைத் திருப்பி வெட்ட மனிதனுக்கு இரண்டு வினாடி போதும். ராணி மாட்டிக்கொண்டால் ஒன்றரை நிமிடம் ஆகும். எளிய மூவுக்கும் கடினமான மூவுக்கும் ஒரே நேரம் எடுக்கிறவன் யோசிக்கவில்லை, பக்கத்தில் கேட்டு எழுதுகிறான். இதுதான் அவர் சித்தாந்தம். ஆடிக்கொண்டே வினாடியைக் குறிக்க முடியாது என்பதால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்கு அதற்குள் ஓய்வு வந்திருந்தது. எண்ணச் சொன்னால் போதும், எனக்கு வேறு என்ன வேண்டும். பையில் இருந்த கடிகாரத்தை எடுத்து என்னிடம் கொடுப்பார். கோடு போட்ட நோட்டில் மூவ் எண், வினாடி என்று இரண்டு பத்தி.

எண்ணி முடித்ததும் எதிராளிக்கு மெமோ போகும். பஸ் கம்பெனியில் டிரைவர்களுக்குக் கொடுக்கிற அதே வாசகம், அதே ஆங்கிலம். தாங்கள் பதினான்கு முதல் முப்பத்தொன்று வரையிலான நகர்வுகளை ஒரே கால அளவில் செய்தது கவனிக்கப்பட்டுள்ளது, மூன்று தினங்களுக்குள் விளக்கம் தரவும். இதை வாங்கிய ஆள் போலந்திலோ பெருவிலோ இருப்பார்.

"சார், ஒரு ஆட்டமாவது மெமோ குடுக்காம ஆடுங்க சார்" என்பார் அந்தப் பெண். "உங்களால என் கடைக்கி வெளிநாட்டுலேர்ந்து போலீசு வரப்போவுது."

"வரட்டும்மா. எத்தன மணிக்கி வர்றான்னு பாக்குறேன்."

மூன்று வருடத்தில் 61 மெமோ. நான்கு பதில். மூன்று, வசவு. நான்காவது ஒரு பிரேசில்காரர் எழுதியது: என் மடியில் கைக்குழந்தை இருக்கிறது, ஒரு கையால் ஆடுகிறேன், மன்னிக்கவும். அன்று சாயங்காலம் முழுக்க அவர் அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "கொழந்த இருந்தா நேரம் ஏறி எறங்கணுமேய்யா" என்றார். அந்த மெமோவை அவர் திரும்பப் பெறவில்லை. தளத்துக்காரர்களுக்கும் புகார் எழுதுவார். அவர்கள் இரண்டு பேரை நீக்கினார்கள். அறுபத்தொன்றில் இரண்டு. அந்த இரண்டு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தோற்ற வயிற்றெரிச்சலில் செய்தார் என்று யாரும் நினைக்கக் கூடாது. தான் ஜெயித்த ஆட்டத்துக்கும் மெமோ கொடுத்திருக்கிறார். ஒருமுறை, ஜெயிக்கிற நிலையில் இருந்த எதிராளியின் இணைப்பு அறுந்து வெற்றி இவருக்கு வந்தது. "கேட்டு போட்டதுக்கு டிரைவர் மேல எழுதலாமா?" என்று கேட்டு, அந்த வெற்றியை நீக்கும்படி தளத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. தன் நோட்டில் அதைத் தோல்வி என்று எழுதிக்கொண்டார். இப்படி ஒரு ஆளை விட்டு விலகுவது சுலபமில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பால்காரர், கேஸ்காரர், யாரும் தப்பவில்லை. அவர் மனைவி ஒருநாள் எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் கடைக்கி போயிட்டு வர்ற நேரத்த பாத்துகிட்டுதாண்ணா இருக்காரு. ஒரு நாளைக்கி சீக்கிரம், ஒரு நாளைக்கி லேட்டு, அப்பிடி மாத்தி மாத்தி வந்துதான் இந்த வூட்டுல குடும்பம் நடத்துறேன்." உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர்களுக்கு ஒரே மகள். நெய்வேலியில் படித்துவிட்டு அப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அவள் தயவில் 2008இல் வீட்டுக்கே கம்ப்யூட்டர் வந்தது.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆட்டக்காரர் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. கிள்ளையில் படகு எஞ்சின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை இறாலோ நண்டோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார். இருவரும் மதியம் முழுக்க ஆடுவார்கள். மச்சான் ஜெயித்தால் இவருக்கு அன்று வீடு கொள்ளாது. "எங்கிட்ட கத்துகிட்டு எனக்கே வெக்கிறான் பாரு செக்கு" என்று தெருவில் போகிறவர்களிடம் சொல்வார்.

2009இல் மச்சானும் தன் மகள் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வருவது குறைந்தது. கிள்ளையிலிருந்தே மாமாவோடு ஆட ஆரம்பித்தார். முதல் மாதம் ஆளுக்குப் பாதி. அப்புறம் மச்சான் வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்தார். எனக்குப் போன் வந்தது.

"புள்ளி, வந்து எண்ணு."

போனேன். மூன்று ஆட்டத்துக்கு எண்ணினேன். மச்சான் ஆடியது 107 மூவ். அதில் 96 மூவ் பதினெட்டு வினாடிக்கும் இருபத்திரண்டு வினாடிக்கும் நடுவில். வெட்டிய சிப்பாயைத் திருப்பி வெட்டவும் இருபது வினாடி. ராணியைக் காப்பாற்றவும் இருபது வினாடி. "ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் அண்ணே" என்றேன். யாரும் என்னிடம் சதவீதம் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அவர் உடனே போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். நீ ஆடுறியா, கம்ப்யூட்டர் ஆடுதா?"

"என்னா மாமா கேக்குறீங்க?"

"மிஷின் வெச்சிகிட்டு ஆடுறியான்னு கேக்குறேன்."

பதில் வர எடுத்தது ஆறு வினாடி.

"நீங்கதான் கேக்குறீங்களா, பக்கத்துல ஒக்காந்து யாராச்சும் சொல்லிக் குடுக்குறாங்களா?"

"நான்தான் கேக்குறேன். கணக்கு இருக்கு. தொண்ணூறு பர்சண்ட்."

"சரி மாமா. கணக்கு இருந்தா அப்பிடியே இருக்கட்டும். வெச்சிடுறேன்."

சமையலறை வாசலில் அவர் மனைவி கரண்டியோடு நின்றிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு மச்சான் வரவும் இல்லை, ஆடவும் இல்லை. அக்காவும் தம்பியும் பக்கத்து வீட்டுப் போனில் பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. 2010 கடைசியில் நானும் அண்ணாமலை நகருக்கு வந்துவிட்டேன். மகளும் மருமகனும் அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள், தனியாக இருக்க வேண்டாம் என்றார்கள். அவருக்கு ஆட ஆள் இல்லாமல் போயிற்று. வெளிநாட்டுக்காரர்களோடு ஆடுவதையும் விட்டுவிட்டார். போன் செய்தால், "ஆளே இல்லய்யா. எல்லாம் மிஷினு" என்பார். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஆடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு வேளைதான் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவி சொன்னார்.

இனிமேல் எழுதப்போவது என் காரியம்.

மருமகன் கம்ப்யூட்டரில் ஒரு செஸ் புரோகிராம் இருந்தது. அவர் ஆடும் தளத்தில் நான் புதுப் பெயரில் கணக்கு ஒன்று தொடங்கினேன். திருச்சிப் பக்கம், ஓய்வு பெற்றவன் என்று போட்டு, அவரை ஆட அழைத்தேன். மூவெல்லாம் புரோகிராம் சொல்லும். வினாடி மட்டும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வினாடி காட்டிக்கொடுக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஆனால் நானாக ஒரு எண்ணை நினைத்தால் அது பத்து, பதினைந்து, இருபது என்றே வரும். மனித மனம் அப்படித்தான் போகும். எங்கள் துறையில் இதற்கு ஒரு மெல்லிய புத்தகம் உண்டு. வயலில் எந்த இடத்தில் மாதிரி அறுப்பது என்று நாங்களே முடிவு செய்தால் கை நன்றாக விளைந்த பக்கமே போகும். அதனால், எந்த ஒழுங்கும் இல்லாத எண்களைப் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடி விரல் வைத்து, விழுந்த எண்ணுக்கு அத்தனை அடி நடக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எளிய மூவுக்கு ஒன்பது வரை, நடுத்தரத்துக்கு முப்பது வரை, கடினமானதற்குத் தொண்ணூறு வரை. விழுந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, அத்தனை வினாடி காத்திருந்து மூவை வைத்தேன்.

இரக்கப்பட்டுச் செய்தேன். ஆனால் இரக்கம் மட்டும்தான் என்று எழுதினால் கணக்கு உதைக்கும். 205 தோல்வியும் அதில் இருந்தது.

மூன்றாம் ஆட்டம் முடிந்த அன்று அவரே எனக்குப் போன் செய்தார்.

"புள்ளி, ஒரு ஆளு கெடச்சிருக்கான்யா. திருச்சிக்காரன். நீ இல்லாததால நானே கஷ்டப்பட்டுக் குறிச்சேன். நாலு செகண்டு, அப்பறம் முப்பத்தேழு, அப்பறம் ஆறு. யோசிக்கிறான்யா. ஒரு மனுசன் அந்தாண்ட ஒக்காந்து யோசிக்கிறது இங்க தெரியுது."

"அப்பிடியாண்ணே" என்றேன்.

மொத்தம் 23 ஆட்டம் ஆடினோம். அவர் பதினான்கில் தோற்றார், எட்டு டிரா, பதினேழாவது ஆட்டத்தில் ஜெயித்தார். அன்று கேசரி செய்யச் சொல்லிச் சாப்பிட்டாராம். சாப்பாடு மூன்று வேளை ஆயிற்று. திருச்சிக்காரருக்கு முழங்கால் வலி என்று நான் எழுதியதை நம்பி, தனக்குத் தெரிந்த தைலத்தின் பெயரை எழுதி அனுப்பினார். அந்தத் திருச்சிக்காரருக்கு அவர் ஒரு மெமோகூட அனுப்பவில்லை.

2012 தையில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு சிதம்பரம். அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, பத்திரிகைக்கு எழுதிட்டாரு. தாய்மாமன்னு போடுற எடத்துல ஒண்ணும் இல்லண்ணா. எங்கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் மால போட்டுக் கூட்டிகிட்டு வராம எம்பொண்ணு எப்பிடி மணையில ஒக்காருவா? நான் கேட்டா, ஏமாத்துறவன் கைய எம்பொண்ணு புடிக்க வேணாங்கறாரு. நீங்கதானே அன்னிக்கி எண்ணுனீங்க. நீங்களே சொல்லுங்க."

மறுநாள் கிள்ளைக்குப் போனேன். மச்சான் என்னைப் பார்த்து வாங்க என்றார். பட்டறையை ஒட்டின அறையில் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் மரச் சதுரங்கப் பலகை, ஒரு கழிவுத்துணி. எதற்கு இரண்டும் என்று கேட்டேன்.

"கண்ணுல புரை அறுத்தது சார். திரையப் பாத்தா தண்ணி கொட்டும். அதான் அவுங்க யோசிக்கிறப்பவே இந்தப் பலகையில நானும் யோசிச்சி வெச்சிடுவேன், அவுங்க மூவ வந்ததும் இதுல வெச்சிப் பாப்பேன். அப்பறம் கைய தொடச்சிட்டு மவுஸ தொடணும். கிரீஸ் கையோட தொட்டா எம்மவ கத்தும்."

"ஒவ்வொரு மூவுக்குமா?"

"ஒவ்வொரு மூவுக்கும்தான்."

என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன். காயை நகர்த்தி, கையைத் துடைத்து, மவுஸைத் தொட்டார். பத்தொன்பது வினாடி.

"இத அன்னிக்கே மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். அவரு கேக்கல. மிஷினான்னாரு."

அங்கிருந்து நேரே கடலூர் போய் அவரிடம் பார்த்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இது திருச்சிக்காரன் ஆடுனது. பாரு. நாலு, முப்பத்தேழு, ஆறு, பதினொண்ணு, எம்பத்திரெண்டு. இதான் மனுசன் ஆடுற ஆட்டம். இத பாக்குறதுக்கு முன்னாடி எனக்கே மச்சான் விசயத்துல கொஞ்சம் ரெண்டு மனசா இருந்துச்சு. கேட்டுப் பாப்பமான்னு கூட நெனச்சேன். இத பாத்தப்பறம்தான் உறுதியாச்சு. மனுசன்னா இப்பிடி இருக்கணும்யா."

நோட்டை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து அண்ணாமலை நகர் வந்தேன். அன்று மாத்திரை போட்டேனா இல்லையா என்பது நினைவில்லை. அட்டையில் எண்ணிப் பார்த்தும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்வதைப் பதினோரு நாள் தள்ளிப்போட்டேன். பத்திரிகையின் மாதிரித் தாள் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது, நாளை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறார் என்று அவர் மனைவி சொன்ன பிறகுதான் கிளம்பினேன். நோட்டையும் எண் புத்தகத்தையும் துணிப்பையில் வைத்துக்கொண்டேன்.

மதியம் பன்னிரண்டரை. கரண்ட் இல்லை. அந்த வருடம் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் எண்ண முடியும். அவர் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திருச்சிக்காரன் நான்தான்."

சிரித்தார். "நீயா? முப்பது மூவுக்கு மேல நீ தாக்குப் புடிச்சதே இல்ல."

"ஆடுனது மிஷினு. செகண்டு மட்டும் என்னுது."

சிரிப்பு நின்றது. சமையலறைப் பக்கம் பார்த்தார். "அவ சொல்லிக் குடுத்து அனுப்புனாளா? மச்சான் பேரப் போடறதுக்கா? பொய் சொல்றதுக்கும் ஒரு தெறம வேணும்யா."

நோட்டை எடுத்து விரித்தேன். அவர் கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. பிறகு தன் நோட்டை எடுத்து வந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். அவர் நோட்டில் நாலு, என் நோட்டில் நாலு. அவரதில் முப்பத்தேழு, எனதில் முப்பத்தாறு. ஆறுக்கு ஆறு. ஒன்பது ஆட்டம் அப்படியே பார்த்தார், 352 மூவ். ஓரிடத்திலும் இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் இல்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு சரியாக ஒத்துப்போன கணக்கு வேறு இருந்திருக்காது.

பத்தாவது ஆட்டத்துக்குப் பக்கத்தைத் திருப்பவில்லை.

"இந்த எண்ணெல்லாம் எங்கேர்ந்து எடுத்த?"

எண் புத்தகத்தைக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் புரட்டினார்.

"கண்ண மூடிகிட்டா?"

"ஆமாண்ணே."

மூடி என் பக்கம் நகர்த்தினார். வெகு நேரம் விசிறிக்கொண்டே இருந்தார். நான் எண்ணவில்லை. பிறகு உள்ளே பார்த்து, "பிரஸ்ஸுக்கு போன் போட்டுச் சொல்லு. மச்சான் பேரு போடணும். பெரிய எழுத்துல" என்றார். உள்ளே ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவர் மனைவி வெளியே வரவில்லை, அழுதிருக்க வேண்டும்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மோர் குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார். எட்டு வருடமாகப் புள்ளி என்றே கூப்பிட்டவர் என்னைச் சார் என்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையிலேயே அவர் கிள்ளைக்குப் போனாராம். பட்டறை வாசலில் நின்றாராம். மச்சான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "டீ சாப்புடுறீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாராம். இவர் ம் என்றாராம். இரண்டு பேரும் வேறு எதுவும் பேசவில்லை என்று அவர் மனைவி சொன்னார். பேசாமல் தீர்ந்ததில் அந்த அம்மாளுக்கு அத்தனை நிம்மதி.

கல்யாணம் சிதம்பரத்தில், மேல வீதியை ஒட்டின ஒரு மண்டபத்தில். எனக்கும் பத்திரிகை வந்தது, தபாலில். மச்சான் இருபத்தோரு தட்டு வரிசையோடு வந்தார். பட்டு வேட்டியில், நகக்கண்ணில் மட்டும் கறுப்போடு, அக்கா மகளுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தார். அவள் குனிந்து காலைத் தொட்டபோது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஐந்தாவது வரிசையில் இருந்தேன்.

தாலி கட்டி முடிந்து ஆட்கள் கலையும்போது அவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சந்தனம் காய்ந்த கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பதினேழாவது ஆட்டம்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"நான் ஜெயிச்சேனே. அது நான் ஜெயிச்சதுதானா?"

அந்த ஆட்டத்தன்று காலையில்தான் அவர் மனைவி, முதல் நாள் முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று எனக்குப் போன் செய்திருந்தார். நான் புரோகிராமின் பலத்தை எட்டிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்த நோட்டை அவர் முன்னால் விரித்த மதியத்தோடு இனி இவரிடம் பொய் இல்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"இல்லண்ணே. அன்னிக்கி அதோட லெவல கொறச்சி வெச்சிருந்தேன்."

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். மேடையில் போட்டோவுக்கு மகளும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது ஒண்ணுலயாவது பொய் சொல்லியிருக்கலாம் சார்."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய் மச்சானின் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு போனார். இருவரும் உட்கார்ந்த வரிசையில் இன்னும் இரண்டு இலை காலியாக இருந்தது. நான் அடுத்த பந்தியில் உட்கார்ந்தேன்.